பதினேழரை அடிக்கு ஒரு கோலம்

அன்று காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் நான் போட்டது கோலம் அல்ல. வாங்கப்போகும் வண்டியின் நீளம். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் மனைவியின் கோலமாவு டப்பா. வாசற்படி ஓரத்திலிருந்து பதினேழரை அடிக்கு ஒரு கோடு, அகலத்துக்கு ஆறடிக்குக் கொஞ்சம் கூட. நாலு மூலையையும் சேர்த்துக் கட்டம் கட்டி நிமிர்ந்தால், எதிர்வீட்டு அம்மா பால் பாத்திரத்தோடு நிற்கிறார்.

"பாதாளச் சாக்கடைக்கா தம்பி?"

இல்லை என்று சொல்வதற்குள் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தலைமையாசிரியர் வந்துவிட்டார். கோடு அவர் வீட்டு கேட்டுக்குப் பக்கம் வரைக்கும் போயிருந்தது. "ரோட்டை அகலப்படுத்துறாங்களா? இழப்பீடு உண்டா?" என்று கேட்டார். ஆறு மணிக்குள் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த என் மனைவி, "ஒண்ணுமில்ல சார், இவரு லாரி வாங்கப் போறாரு" என்று சொல்லிவிட்டு இட்லியைப் பார்க்க உள்ளே போனாள்.

லாரி இல்லை, பிக்கப். ஆனால் அந்தக் கூட்டத்தில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியவில்லை.

அதுவரை என்னிடம் இருந்தது மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப். மாதம் ஒரு ஞாயிறு நானும் மச்சானும் இரண்டு நண்பர்களுமாக மலைப் பாதைக்குப் போவோம். வனத்துறை எல்லைக்குள் கால் வைப்பதில்லை. சிறுமலையில் மாமனாருக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சையும் மிளகும் இருக்கிறது. அதற்குப் போகிற ஜீப் ரோடும், பக்கத்து எஸ்டேட்காரர்கள் அனுமதிக்கிற பாதைகளுமே எங்கள் இடுப்பை ஒடிக்கப் போதும்.

தாரில் ஒரே குறை, நாலு பேர் உட்கார்ந்தால் நாலு சாமான் வைக்க இடம் இருக்காது. பிரியாணிச் சட்டி எப்போதும் மச்சான் மடியில்தான் வரும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. போன ஆடியில் மூன்றாவது வளைவிலேயே சட்டியின் மூடி கழன்றது. மீதிப் பதினைந்து வளைவுக்கும் அவன் அந்த ஆவியில் வெந்தான். மேலே போய் இறங்கியதும், "அடுத்த தடவை ஒண்ணு சட்டி வரணும், இல்லை நான் வரணும்" என்று சொல்லிவிட்டான்.

சட்டியையும் மச்சானையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டுமென்றால் பின்னால் திறந்த தொட்டி வேண்டும். நாலு கதவும் வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்குப் பதிவும் ஆக வேண்டும். இத்தனையும் கேட்டால் நம் ஊர் ஷோரூம்களில் மிஞ்சுவது ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டையும் குறித்துக்கொண்டு பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

வீல்பேஸ் என்பது முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரைக்கும் உள்ள தூரம். தாருக்கு 2450 மி.மீ., அதாவது எட்டடி. ஹைலக்ஸுக்கு 3085, வி-கிராஸுக்கு 3095, இரண்டுமே பத்தடிக்கு மேல். மொத்த நீளம் தார் 3985, வி-கிராஸ் 5295, ஹைலக்ஸ் 5325. தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளிதான் என்னை மயக்கியது. தாருக்கு 226, வி-கிராஸுக்கு 225. "பாத்தியா, ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் கம்மி. தார் தாண்டுற மேட்டை எல்லாம் இதுவும் தாண்டிடும்" என்று சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன்.

எட்டாவது படிக்கும் என் மகள் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பூரிக்கட்டையைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். தம்பியின் பொம்மைகளிலிருந்து ஒரு குட்டிக் காரை எடுத்துக் கட்டையின் மேல் உருட்டினாள். ஏறி இறங்கிப் போய்விட்டது. அடுத்து ஒரு பொம்மை பஸ். முன் சக்கரம் கட்டையைத் தாண்டியது, பின் சக்கரம் இந்தப் பக்கமே நின்றது, நடு வயிறு கட்டை மேல் உட்கார்ந்துகொண்டது. அவள் விரலால் தட்டினாள். பஸ் முன்னும் பின்னும் சீசா ஆடியது.

"ரெண்டுக்கும் கீழே ஒரே கேப்புதான்பா. ஆனா இது நீளம்."

பொம்மைக்கும் நிஜ வண்டிக்கும் வித்தியாசம் உண்டு, அதில் டிஃப் லாக், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பூட்டு, எல்லாம் இருக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். சக்கரம் தரையை அழுத்தாதபோது டிஃப் லாக் என்ன செய்யும் என்று அவள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வாங்குவதற்கு முன் மலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பா மகனிடம் வண்டி கேட்டேன். நோட்டில் இருந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று சொல்ல மாட்டேன், நடந்ததில் வண்டியின் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணன் சாவியைக் கொடுக்கும்போது, "கீறல் மட்டும் விழாமப் பாத்துக்கடா" என்றார். பக்கவாட்டில் புத்தம் புது ஃபுட்போர்டு பளபளவென்று மின்னியது. பெரியம்மாவுக்கு முட்டிவலி என்பதால் ஏறுவதற்குத் தனியாகச் செலவழித்து மாட்டியதாம்.

அங்கேதான் ஒரு அறிவாளித்தனம் செய்தேன். தொட்டி காலியாக இருந்தால் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் விறைத்துக்கொண்டு வண்டி குதிக்கும், கொஞ்சம் கனம் வைத்தால் நல்லது என்று மாமனார் காதில் விழும்படி சொல்லிவிட்டேன். இது உண்மைதான். ஆனால் சனிக்கிழமை காலையில் தொட்டியில் எட்டு மூட்டை தொழு உரம் ஏறியிருந்தது. "கனம் வேணும்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க? எலுமிச்சைக்கும் ஆச்சு" என்றார். பிரியாணிச் சட்டி மறுபடியும் மச்சான் மடிக்கே போயிற்று, முன்னால் போன தாரில்.

கொண்டை ஊசி வளைவில் முதல் பாடம். தாரை ஓட்டிய பழக்கத்தில் உள்பக்கமாக ஒட்டியே ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன்பக்கம் அழகாகத் திரும்பியது. நீள வண்டியில் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். வந்தது, வளைவின் உள்பக்கத்துக் கல்லில் ஏறி நின்றது. ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து பஸ் வந்துவிட்டது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, பஸ்ஸே ஒரே மடக்குல திரும்புது!" என்றார். அவர் திருப்பியதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எதிரே வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு வெளி ஓரம் வரைக்கும் நிதானமாகப் போய், பின் பாதி வளைவுக்குள் வந்த பிறகுதான் ஒடிக்கிறார். மீதி வளைவுகளை அப்படியே எடுத்தேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே தென்மலைக் கிராமம் தாண்டி ஜீப் ரோட்டில் இறங்கியதும் வண்டி என்னை மகிழ்வித்தது, அதையும் சொல்ல வேண்டும். மழையில் அரித்துப்போன செங்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. தார் அதில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வெள்ளாட்டுக் குட்டி மாதிரி துள்ளித் துள்ளித்தான் ஏறும். இந்த வண்டி ஃபோர் லோவில், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற கியரில், மூக்கு கிளம்பாமல், கோயில் யானை படியேறுவதுபோல ஏறியது. இறக்கத்திலும் அதே நிதானம், பின்பக்கம் விலகவே இல்லை. "இதுதான் வண்டி" என்றேன். மாமனார் கண்ணைத் திறந்து, "உரம் சிந்தல" என்றார்.

அடுத்த திருப்பத்தில் பூரிக்கட்டை இருந்தது.

மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல் ஓரத்துக்குத் திரும்பிப்போக, எஸ்டேட் ரோட்டில் குறுக்கே வரப்பு மாதிரி மண்ணை அணைத்துக் கல் பதித்திருப்பார்கள். தாரில் நான் அதை ஒரு மேடு என்றே நினைத்ததில்லை. மச்சான் தாண்டிப்போய் மரத்தடியில் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். நானும் அவன் தடத்திலேயே நேராக ஏறினேன். முன் சக்கரம் தாண்டி இறங்கியது. முதலில் ஃபுட்போர்டிலிருந்து ஒரு நீளமான சத்தம், தகரத்தை யாரோ வாயால் கிழிப்பதுபோல. அப்புறம் 'தொம்' என்று ஒரு உட்காரல். ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். என்ஜின் கத்தியது. பின் சக்கரங்கள் மண்ணை வாரி இறைத்தன. முன் டயர் ஒன்றுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைக்கலாம், அவ்வளவு இடைவெளி.

மகளுக்குப் படம் அனுப்பினேன். "பஸ்ஸா?" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

தாரை வைத்து இழுக்கலாம் என்றான் மச்சான். கயிற்றை எடுக்கும்போதே பின்னாலிருந்து, "இழுத்தா அடிவயிறு பூராம் கல்லுல தேய்ச்சுக்கிட்டுத்தான் வரும்ணே" என்று ஒரு குரல். குதிரைக்காரர். சிறுமலையில் தோட்டத்திலிருந்து வாழைத்தாரும் பலாவும் ரோட்டுக்கு வருவது இன்றும் பல இடங்களில் குதிரை முதுகில்தான். பழனி பஞ்சாமிர்தத்தில் பேர்பெற்ற அந்த மலைவாழைத்தார்களைச் சுமந்த குதிரை என் வண்டிக்குப் பின்னால் வழியில்லாமல் நின்றது. நான் குதிரையைப் பார்த்தேன். அது வண்டியின் அடியைப் பார்த்தது.

"வண்டியத் தூக்காதீங்க, ரோட்டத் தூக்குங்க" என்றார். புரியவில்லை. அவரே தட்டைக் கல்லாகப் பொறுக்க ஆரம்பித்தார். முதலில் கனத்தைக் குறைக்க எட்டு மூட்டையையும் இறக்கினோம். பின்பக்கம் இரண்டு விரற்கடை நிமிர்ந்தது. அப்புறம் ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் கல் அடுக்கி, இறக்கி, அடுத்த சக்கரம். ஒன்றரை மணி நேரம். மேட்டின் இரண்டு பக்கமும் கல்லைப் பரப்பிச் சரிவை நீட்டியதும் பின்னால் எடுத்தேன், நகர்ந்தது. இரண்டாவது முறை நேராகப் போகாமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறும்படி போகச் சொன்னார். சட்டமெல்லாம் முறுகுவது கேட்டது, ஆனால் வயிறு தட்டவில்லை. ஓடையைக் கடக்கும்போது பின்பக்கக் கொக்கி கரையை உழுதுகொண்டே வந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மூட்டைகளை மறுபடி ஏற்றட்டுமா என்று கேட்டேன். மாமனார் வண்டியையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். மூட்டைக்கு இவ்வளவு என்று குதிரைக்காரரிடம் பேசி முடித்தார். ஆக, கனம் சுமக்க வந்த பத்தடி வீல்பேஸ் காலியாகக் குதித்துக்கொண்டு முன்னால் போக, வாழைத்தாரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த குதிரை எங்கள் உரத்தைச் சுமந்தது. பிரியாணி சாப்பிடும்போது மணி நாலு.

அண்ணனுக்கு ஃபுட்போர்டைப் படம் எடுத்து அனுப்பினேன். நன்றாக முற்றிய புளியங்காய் வளைவு. "கீறல் இல்லையே" என்று கீழே எழுதியதை அவர் ரசிக்கவில்லை.

இவ்வளவுக்கும் அப்புறம் என்ன வாங்கினேன் என்றால், அதேதான். நீள வண்டியேதான். அந்த ஏற்றத்தில் ஏறியது கண்ணை விட்டுப் போகவில்லை, சட்டிக்கும் இடம் கிடைத்தாயிற்று. ஃபுட்போர்டு மட்டும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தேன். மாமியார் ஏறுவதற்குத் தொட்டியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் நிரந்தரமாக இருக்கிறது. மேடு வந்தால் இறங்கி நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். மண்வெட்டியும் கடப்பாரையும் சட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன.

கோலமாவுக் கட்டத்துக்குள் வண்டி கச்சிதமாக நின்றது. தலைமையாசிரியரின் கேட்டுக்கு நாலு அங்குலம் மிச்சம். நான் அளக்க மறந்தது பிள்ளையார் கோயில் முக்கு. அங்கே இஸ்திரி வண்டி நிற்கும்வரை என் வண்டி தெருவுக்குள் திரும்பாது. முதல் வாரம் ஹாரன் அடித்துப் பார்த்தேன். இப்போது ஹாரன் தேவையில்லை. ஞாயிறு சாயங்காலம் முக்கில் என் விளக்கு தெரிந்ததும் இஸ்திரிக்காரரே கரிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியை உருட்டுகிறார். போன வாரம் நான் நாலாவது முறையாக முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வெளி ஓரம் போயிட்டு ஒடிங்க சார்" என்றார்.