செஜெம்: 'கேள்' என்னும் எகிப்திய வினையோடு ஐந்தாம் வாரம்

இடைக்கால எகிப்திய மொழியை நானாகவே படிக்கத் தொடங்கிய ஐந்தாம் வாரத்தில் வினைச்சொல்லுக்கு வந்து சேர்ந்தேன். இலக்கண நூல்கள் வினைத்திரிபுக்கு வாய்பாடாகக் காட்டுவது 'செஜெம்', அதாவது 'கேள்'. மாட்டின் காதை வரைந்து அருகில் ஆந்தையை வரைந்தால் சொல் முடிந்தது. காது முழுச்சொல்லையும் குறிக்க, ஆந்தை அதன் கடைசி மகரத்தை மீண்டும் ஒருமுறை காட்டுகிறது. உயிரெழுத்துகள் எழுதப்படுவதில்லை, 'செஜெம்' என்பது வாய்விட்டுப் படிப்பதற்காக ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட ஒலிப்பு மட்டுமே.

இதன் பின் கொம்புவிரியனை வரைந்தால், 'அவன்' என்னும் விகுதி சேர்ந்து 'செஜெமெஃப்' ஆகிறது. இதன் காலத்தைச் சூழலே பெரும்பாலும் முடிவுசெய்கிறது. வினைக்கும் விகுதிக்கும் நடுவே, 'ன்' ஒலியைக் குறிக்கும் நீரலைக் கோட்டை நுழைத்தால் 'செஜெமெனெஃப்', அதாவது 'கேட்டான்'. பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்துப் பழகிய நமக்கு இதில் தடுமாற ஒன்றுமில்லை என்றே நினைத்தேன்.

எதிர்மறையில்தான் சறுக்கினேன். விரித்த இரு கைகளே 'என்' எனப் படிக்கப்படும் எதிர்மறைக் குறி என்பதால், அதைச் 'செஜெமெனெஃப்' முன்னால் வைத்து, 'அவன் கேட்கவில்லை' என்று இறந்தகாலப் பொருளில் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதினேன், பன்னிரண்டும் தவறு. 'என் செஜெமெனெஃப்' என்பதற்கு 'அவன் கேட்பதில்லை' என்றோ, 'அவனால் கேட்க இயலாது' என்றோதான் பொருள். இறந்தகால எதிர்மறைக்கு அலைக்கோடே இல்லாத 'என் செஜெமெஃப்' வர வேண்டும். உடன்பாட்டில் இறந்தகாலம் காட்டிய இடைநிலை எதிர்மறையில் இப்படித் தலைகீழாவதை எகிப்தியவியலாளர் பேட்டிஸ்கோம் கன் 1924-இல் விளக்கினார். அதனால் இது அவர் பெயராலேயே கன் விதி எனப்படுகிறது. அதே அலைக்கோட்டை வினைக்குப் பின் வைக்காமல் கைகளுக்குக் கீழே வைத்தால், 'நென் செஜெமெஃப்', 'அவன் கேட்க மாட்டான்'. ஒரு கோடு இடம் மாறுவதில் கேட்கவில்லை, கேட்பதில்லை, கேட்கமாட்டான் என்று மூன்றும் பிரிந்துவிடுகின்றன. என் கட்டம் போட்ட நோட்டில் கோட்டைக் கைகளுக்கும் காதுக்கும் நடுவே அரைகுறையாக இழுத்திருந்த இடங்களில், நான் எதை எழுத நினைத்தேன் என்பது எனக்கே புரியவில்லை. 'கேளான்' என்ற ஒரே சொல்லால் முக்காலத்தையும் மறுத்துவிடும் நம் பழைய எதிர்மறை வினைமுற்றின் சிக்கனம் அப்போது பொறாமையூட்டியது.

பொருளில் மட்டும் தமிழ் கைகொடுத்தது. 'சொன்ன பேச்சைக் கேள்' என்பதைப் போலவே செஜெமுக்கும் கீழ்ப்படிதல் என்ற பொருள் உண்டு. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல்-மெதினா ஊர்த் தொழிலாளர்கள் 'செஜெம்-ஆஷ்', அதாவது 'அழைப்பைக் கேட்பவர்', என்ற பட்டத்தோடு தங்களைக் குறித்துக்கொண்டார்கள். எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் இவ்வினை 'சோதம்' என உயிரெழுத்தோடு எழுதப்பட்டது. அங்கே 'அஃப்சோதம்' என்றால் 'அவன் கேட்டான்', விகுதி வினைக்கு முன்னால் போய்விட்டது.

பன்னிரண்டு வாக்கியங்களையும் திருத்தி எழுதியாயிற்று; இரண்டில் ஆந்தை இன்னும் கோழியைப் போலத்தான் இருக்கிறது. அடுத்து 'மெரி', அதாவது 'விரும்பு'. சில வடிவங்களில் அதன் ரகரம் இரட்டிக்கும்.