ரோகு செதிலிலிருந்து தனாக்காவுக்கு

யாங்கோனில் சோப்பும், தனாக்கா பசையும் (மரப்பட்டையை அரைத்து இங்கே முகத்தில் பூசிக்கொள்வது) செய்து விற்கிறேன். பூசிய தனாக்கா காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்கிறது என்பது வாங்குபவர்களின் பழைய குறை. மீனின் தோலிலும் செதிலிலும் இருக்கும் கொலாஜன் என்கிற புரதத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெளிநாட்டுச் சரக்கு விலை கட்டாது. சான்பியா மீன் சந்தையிலோ, ரோகு வெட்டுகிறவர்கள் செதிலை அள்ளி அள்ளிக் கொட்டுகிறார்கள்.

முழுக் கொலாஜன் வேண்டுமென்றால் 4 டிகிரிக் குளிரிலேயே வேலை நடக்க வேண்டும். இங்கே கரண்ட் இருக்கிற லட்சணத்துக்கு அது ஆகிற காரியமா? சரி, ஜெலட்டின் போதும் என்று இறங்கினேன். அதே புரதம்தான், சூட்டில் இழை பிரிந்து கரைந்து வருவது. கரி அடுப்பும் தெர்மாமீட்டரும் இருந்தால் எடுத்துவிடலாம்.

செதிலை உப்புநீரில் அலசி, சோப்புக்கு வைத்திருக்கும் காஸ்டிக் சோடாவை மிகவும் நீர்க்கக் கரைத்து ஊறவைத்தேன். கவுச்சி பெரும்பாலும் இங்கேதான் போகிறது. இதில் அவசரப்பட்டால் பிறகு எந்த வாசனை எண்ணெயாலும் மறைக்க முடியாது. நன்றாகக் கழுவியபின் சிட்ரிக் அமிலக் கரைசல். செதிலை விறைப்பாக வைத்திருப்பது கால்சியம் பாஸ்பேட். அது கரையக் கரைய, நகம் மாதிரி இருந்த செதில் துவண்டுவிடும். விரலால் மடித்தால் ஒடியாமல் மடங்க வேண்டும், அதுதான் பதம். லிட்மஸ் தாளில் புளிப்பு காட்டாதவரை கழுவி, 60 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம். கொதிக்க விடக்கூடாது, பசைத்தன்மை போய்விடும். துணியில் வடித்து, தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் தகடாக உரிந்து வரும். திரவமாக வைத்தால் கெட்டுவிடும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம், காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை தோது.

தகட்டில் ஒரு துண்டை ஊறவைத்து, இளஞ்சூட்டில் கரைத்து, பசையில் கலந்தேன். உதிர்வது குறைந்தது, நிற்கவில்லை. காய்ந்தபின் முகம் இழுப்பதும் குறைவு. சுருக்கம் போகுமா என்று கேட்பவர்களிடம் போகாது என்றே சொல்கிறேன். இந்த மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது; மேலே படலமாக நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக டப்பாவில் 'மீன் ஜெலட்டின்' என்று பெரிதாகவே எழுதுகிறேன். அதைப் படித்துவிட்டு, நம் சைவக்காரர்கள் டப்பாவைத் தொடுவதே இல்லை. அவர்களுக்குப் பழைய தனாக்காதான், கிண்டும் பாத்திரமும் தனி.