முப்பது ஆண்டுக் கணக்கும் முதலாம் ஆண்டு ஓட்டமும்

நகராட்சிகளுக்கான குடிநீர், பாதாளச் சாக்கடைத் திட்ட அறிக்கைகளைத் தயாரிப்பதே என் பணியின் பெரும்பகுதியாக இருந்தது. குழாய்களுக்கு 30 ஆண்டுகள், பம்புகளுக்கு 15 ஆண்டுகள் என்று மத்திய அரசின் கையேடு வடிவமைப்புக் காலத்தை வகுத்திருப்பதால், இன்னும் பிறக்காதவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்தே வேலையைத் தொடங்குவோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் நாளொன்றுக்குத் தலைக்கு 135 லிட்டர் குடிநீர் வழங்கப்படும், அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது அடிப்படைக் கணக்கு.

மக்கள்தொகைக் கணிப்பு பிசகுவதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிடக் கவலை தந்தது முதல் சில ஆண்டுகள்தான். முப்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய ஓட்டத்துக்காக அகலமாகப் பதித்த குழாயில் இன்றைய கழிவுநீர் மெல்லிய இழையாக ஓடுகிறது. உச்ச நேரத்திலாவது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் கிடைக்காவிட்டால் மணலும் கசடும் அடியில் தங்கி இறுகிவிடும். வீடுகள் உடனே இணைப்புப் பெறும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த வேகம் தாளில் கிடைக்கிறது. ஆனால் செப்டிக் டேங்க் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தரையை உடைத்து, கட்டணமும் செலுத்தி இணைப்புப் பெற அவசரம் ஏதுமில்லை. இதனால் வரும் அடைப்பை எடுக்க மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் உயிர்கள் போவதை என்னால் வெறும் பராமரிப்புப் பிரச்சினையாகப் பார்க்க முடியவில்லை.

இதில் ஆலந்தூரை நான் பெரிதும் மதிக்கிறேன். 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அதனுடன் இணைந்த அந்நகராட்சி, அதற்கு வெகுமுன்பே, 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய தன் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடம் திரட்டியது. பணம் கட்டியவர் இணைப்பைக் கேட்டு வாங்குவார். குழாயில் ஓட்டமும் வரும்.

கழிவுநீர் வந்து சேர்வது குடிநீருக்கும் இன்றியமையாதது. ஏரிகள் வறண்ட 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள கழிவுநீர் மறுசுத்திகரிப்பு நிலையங்கள் செயல்படத் தொடங்கின. அந்த நீரைத் தொழிற்சாலைகள் பெறுவதால், அந்த அளவுக்குக் குடிநீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.

வாசல் வரையிலான இணைப்புச் செலவையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கும்படி ஆய்வுக் கூட்டங்களில் தொடர்ந்து வாதிட்டேன். மதிப்பீடு கூடிவிடும் என்பதே பெரும்பாலும் கிடைத்த மறுமொழி. இணைப்பில்லாத தெருவில் புதைத்த குழாயின் முழு விலையும் வீண் செலவுதான் என்பதை இன்றும் வலியுறுத்துகிறேன்.