மேகம் மறைத்த மார்கழி: இரணைமடுவில் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வு

நிலக்காட்சி ஓவியத்தையும், இயற்கையைச் செய்மதிப் படங்கள் வழியாகக் காணும் பழக்கத்தையும் ஒப்பிடுவதே என் கலாநிதிப் பட்ட ஆய்வு. முன்மொழிவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வழக்கமான தாமதங்களுடன் முடிந்தன. ஆய்வு உருப்பெற்றது வட இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களிடையே.

முதலில், குளத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு முதியவர்களைக் கேட்டேன். பெரும்பாலானோர், மிகைநீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறந்து நீர் பாயும் மார்கழியையே வரைந்தார்கள். பிறகு, 10 மீற்றர் நுணுக்கத்தில் ஏறத்தாழ 5 நாளுக்கொரு முறை எடுக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதியின் படங்களைத் திரட்டினேன். அவற்றில் மார்கழி அரிதாகவே தெளிந்திருந்தது. வடகீழ்ப் பருவமழை குளத்தை நிரப்பும் காலத்திலேயே மேகம் அதைச் செய்மதியிடமிருந்து மறைத்துவிடுகிறது. மேகம் மிகுந்த படங்களை ஒதுக்கிவிடுவது இத்துறையின் வழக்கம். ஆனால், ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் இலண்டனின் ஹாம்ஸ்ரெட்டில் மேகங்களையே பொருளாக்கி, நேரத்தையும் காற்றின் நிலையையும் குறித்துவைத்து வரைந்திருக்கிறார். ஓவியர் தேடிச் சென்றதைத் தரவாளர் விலக்குகிறார் என்பது என் ஆய்வேட்டின் நடு அத்தியாயமாயிற்று. மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களையும் சேர்த்தேன். அவை நீரின் பரப்பைக் காட்டின, வான்கதவுகளால் நீர் பாயும் வேகத்தைக் காட்டவில்லை.

நிறம் பற்றிய அத்தியாயத்தை எழுதவைத்தவர் ஒரு மூதாட்டி. தாவரங்கள் மிகுதியாகத் தெறிக்கும் அண்மை அகச்சிவப்புக் கதிரைச் சிவப்பாகக் காட்டும் படமொன்றைப் பார்த்து, "இது எரிஞ்ச காடோ, தம்பி?" என்று கேட்டார். வன்னியில் அது நியாயமான கேள்வி. அதன்பின், எந்தப் படத்தைக் காட்டினாலும் அதன் நிறங்கள் எதற்காகத் தெரிவு செய்யப்பட்டவை என்பதை முதலில் விளக்கினேன்.

வாய்மொழித் தேர்வில், நினைவில் வரைந்த படம் எப்படிச் சான்றாகும் என்று கேட்டார்கள். நீர்மட்டத்துக்கு அது சான்றல்ல. குளத்தை எங்கே நின்று, எந்தப் பருவத்தில் பார்க்கிறார்கள் என்பதற்குச் சான்று என்றேன். செய்மதி 786 கிலோமீற்றர் உயரத்திலிருந்து பார்க்கிறது. வரைந்தவர்களோ குளக்கட்டில் நின்று பார்த்தவர்கள்.

இத்தகைய ஆய்வைத் தொடங்குபவர்கள், செய்மதிப் படத்தைக் காட்டுமுன் வரையச் சொல்லுங்கள். அதை ஒருமுறை கண்டவர்கள் குளத்தை மேலிருந்தே வரையத் தொடங்கிவிடுவதைப் பார்த்தேன்.