கிணற்றுக் கயிறும் மழைப் பையும்

2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் எங்கள் முற்றத்தில் மூன்று நாள் வெள்ளம் நின்றது. சண்டிலிப்பாயில், வழுக்கையாற்றுக்குக் கிட்ட இருக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கென்று இருக்கும் ஒரே ஆறு அதுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் மின்சாரம் இல்லை, ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை இரண்டே இரண்டு மிச்சம். அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தேன். அடுத்த மாரிக்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்திவிட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன். ஆவணியில்தான் தொடங்க முடிந்தது.

ஆவணி

வெளியுதவி வந்து சேர மூன்று நாள் ஆகலாம், அதுவரை வீடு தன் காலில் நிற்க வேண்டும் என்பதே உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. நாங்கள் ஐந்து பேர்: அம்மா, கணவர், மகன், மகள், நான். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் என்றால் மூன்று நாளுக்கு 60 லீற்றர் வேண்டும். உணவுக்குப் பயன்படும் 20 லீற்றர் பிளாஸ்டிக் கலன்கள் மூன்று வாங்கினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய நீரை நிரப்பி, வெயில் படாத மூலையில் பலகைமேல் அடுக்கி, நிரப்பிய திகதியை ஒட்டி எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும் ஊரில் இதெல்லாம் எதற்கு என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். வெள்ளம் கிணற்றுக்கட்டைத் தாண்டினால், மலசலகூடக் குழியின் நீரும் அதனுடன் கலந்து உள்ளே போகும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே போகத் தடையே இல்லை. அப்படிப்பட்ட கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுச் சரி என்று சொல்லும்வரை, அந்தத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்காமல் வாயில் விடக் கூடாது. விறகும் கிடைக்காவிட்டால், வாசனை சேர்க்காத வீட்டு வெளிற்றுத் திரவத்தை (பிளீச்), 5 முதல் 6 வீதச் செறிவானதாகப் பார்த்து, தெளிந்த நீரில் லீற்றருக்கு இரண்டு துளி விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வைக்கலாம். அதற்கென்று ஒரு சிறிய போத்தலும் துளி விடும் குழாயும் வாங்கி வைத்திருக்கிறேன்.

உணவில்தான் முதலில் பிழை விட்டேன். நூடில்ஸ், பிஸ்கட், தகர மீன் என்று கடைச் சாமான்களாக ஒரு பெட்டி நிரப்பினேன். இரண்டு வாரத்தில் பிஸ்கட் எல்லாம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விட்டது. அம்மா நூடில்ஸைத் தொடவே மாட்டார். ஆபத்து நாளில் முதல்முறையாகச் சாப்பிடும் உணவு யாருக்கும் இறங்காது. ஆகவே பெட்டியைக் கலைத்து, நாங்கள் எப்போதும் சாப்பிடுவதையே சற்றுக் கூடுதலாக வாங்கினேன். நனைத்தாலே உண்ணக்கூடிய அவல், வறுத்த பயற்றம்மா, பனங்கட்டி, எள்ளுருண்டை, பால்மா, நெத்தலிக் கருவாடு, ஒரு பெரிய போத்தல் நிறையப் புழுக்கொடியல். தகர மீன் மட்டும் பழைய பட்டியலில் இருந்து தப்பியது. புதிதாக வாங்குவது பின்னால் போகும், பழையது முன்னால் வந்து சமையலுக்குப் போகும். எதுவும் வண்டு பிடிக்கும்வரை கிடக்காது.

மாத்திரைக்கு வேறு வழி தேவைப்பட்டது. கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத்தான் தருவார்கள். மருத்துவரிடம் நிலைமையைச் சொன்னேன்; பத்து நாளுக்கான மாத்திரையை மருந்தகத்தில் வாங்கச் சீட்டு எழுதித் தந்தார். அதையும் மாதாமாதம் சுழற்றுகிறோம். கூடவே, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதிகள் பத்து. அது தீர்ந்தாலும், ஒரு லீற்றர் சுத்தமான நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவை அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நோயாளர் வண்டியின் 1990. கைத்தொலைபேசி அணைந்துபோனால் அதற்குள் இருக்கும் இலக்கங்கள் எதற்கு உதவும்?

புரட்டாதி

சாமான் சேர்ந்துவிட்டது என்ற திருப்தியில், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தேன். எரிவாயு சிலிண்டரையும் பூட்டினேன். மறுநாள் ஆறு மணிவரை இரண்டையும் தொடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

அடுப்பு பிரச்சினை தரவில்லை. பின்புறக் கொட்டிலில் பன்னாடை, கொக்கரை, காய்ந்த பொச்சு எல்லாம் இருந்தன. தேநீர் வைத்தோம், சோறு வடித்தோம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. 500 லீற்றர் தொட்டிதான். முதல் நாள் உடுப்புத் தோய்த்ததில் பாதி போயிருக்கிறது, நான் பார்க்கவில்லை. மலசலகூடத்துக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்த 60 லீற்றரை அதற்கு எடுக்க மனம் வரவில்லை.

கிணற்றடிக்குப் போனோம். மோட்டார் பூட்டியபோது கப்பியைக் கழற்றிவிட்டோம். இரும்பு வலை மூடியின் பூட்டுத் திறப்பு எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொட்டிலில் கிடந்த பழைய கயிறு கையில் எடுத்ததும் பொடிந்தது. பதினைந்து அடி ஆழத்தில் கண்ணுக்குத் தெரியத் தண்ணீர். அதை எடுக்க வழியில்லாமல் நின்றோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதுகூட, மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தொட்டியை நிரப்பிச் சமாளித்ததால் இந்தக் குறை எங்களுக்குத் தெரியவில்லை.

பூட்டை உடைத்தோம். மாமியிடம் கயிறும் வாளியும் கடன் வாங்கினோம். மகன் ஆவலோடு வாளியை இறக்கினான். அது தண்ணீரின் மேல் படகுபோல மிதந்தது. இழுத்துப் பார்த்தான், தூக்கிப் போட்டான். வெறும் வாளியே மேலே வந்தது. அம்மா வந்து கயிற்றை வாங்கினார். வாளி தண்ணீரைத் தொட்ட கணத்தில் மணிக்கட்டைப் பக்கவாட்டாக ஒரு சுண்டு சுண்டினார். வாளி சரிந்து, வாய் கவிழ்ந்து, மளமளவென்று தண்ணீரை விழுங்கித் தாழ்ந்தது. இரண்டு கையும் மாறி மாறி, கயிறு உடம்பில் படாமல், ஒரு துளி சிந்தாமல் மேலே வந்தது. அம்மாவுக்கு 72 வயது. அந்தச் சுண்டல் எனக்கும் கைவரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்றிரவு அம்மா இன்னொன்றும் காட்டினார். ஒரு ஜாம் போத்தலை எடுத்து, அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் சிறு திரியைத் தொங்கவிட்டுக் கொளுத்தினார். கண்ணாடிச் சுவர் காற்றைத் தடுத்தது, சுடர் பயறளவுதான். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரி குடாநாட்டுக்குள் வராது, மண்ணெண்ணெயோ தங்க விலை. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம். நான் வாங்கி வைத்திருந்த இரண்டு சூரியமின் விளக்குகள் அதைவிடப் பிரகாசமானவை, பாதுகாப்பானவை; பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவற்றையே பயன்படுத்துவேன். ஆனால் செய்முறையைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஐப்பசி

கப்பி, நைலோன் கயிறு, இரும்பு வாளி வாங்கினோம். மூடிக்குப் புதிய பூட்டு. அதன் திறப்பு சமையலறை ஆணியில் தொங்குகிறது. முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து இரண்டு சோடி. 2024 வெள்ளத்துக்குப் பின் டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. காலில் புண்ணோடு வெள்ளத்தில் இறங்க இனி யாரையும் விட மாட்டேன்.

கடைசியாக, வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் தூக்கிக்கொண்டு போக ஒரு பை கட்டினேன். அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கிளினிக் கொப்பி எல்லாம் தண்ணீர் புகாத உறையில். ஆளுக்கொரு மாற்றுடுப்பு, சிறிய வானொலி, பற்றரி, கொஞ்சம் காசு. வாசற்கதவுக்குப் பின்னால் கொழுவினேன்.

அம்மா இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், "பிள்ளை, அதை அங்கே வைக்காதே" என்றார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரின் நடுவே எங்கள் வலிகாமப் பகுதியே மழையில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் கையிலும் இப்படி ஒரு பைதான் இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவோரம் கட்டி வைத்த பை அவருக்கு வெள்ளத்தை நினைவூட்டவில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த வேலையைத் தொடங்கும் யாரும் முதலில் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றுதான் கேட்பேன்.

பையை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். மகள் அதற்கு "மழைப் பை" என்று பெயர் எழுதி ஒட்டினாள். மறுநாள் அம்மாவே அதைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தன் திருநீற்றுப் பொட்டலத்தையும் ஒரு சிறிய கத்தியையும் சேர்த்து வைத்தார். கத்தி இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்டார். நான் அதை எழுத மறந்திருந்தேன்.

2008 நவம்பர் 25 அன்று, நிஷா புயல் நேரம், யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஓர் ஆண்டில் கிடைப்பதில் கால்பங்குக்கு மேல். அப்படி ஒன்று வந்தால் முற்றத்து மதகு தாங்காது. அதை அகலப்படுத்துவதுதான் அடுத்த வேலை. கொத்தனாருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் மோட்டாரைப் போடுவதில்லை. காலையில் பத்து வாளி கையால் அள்ள வேண்டும். மகனுக்கு அந்தச் சுண்டல் வந்துவிட்டது. இந்த வாரம் மகளின் முறை. அம்மா கிணற்றுக்கட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, "மணிக்கட்டு, மணிக்கட்டு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வாளி இன்னும் மிதக்கிறது.