லம்பார்ட் என்றால் அடகுக் கடையாம்

சித்தி மகன் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினான், பனி மூடிய தெருவில் ஒரு சின்னக் கடை, மேலே மஞ்சள் போர்டு. “அக்கா, இங்க எங்க பாத்தாலும் லம்பார்ட்னு போர்டு இருக்கு, கேட்டா அடகுக் கடைங்கறாங்க, இத்தாலியில லொம்பார்டினு ஒரு மாநிலம் இருக்கே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?” உண்டு. வாய்ஸ் மெசேஜில் சொல்ல ஆரம்பித்தேன், நாலு நிமிடம் தாண்டியும் இத்தாலிக்கே வந்து சேரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

லொம்பார்டிக்குப் பெயர் கொடுத்த லொம்பார்டுகள் முதலில் இத்தாலிக்காரர்களே இல்லை. ஜெர்மனியில் எல்பே ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த சின்னக் கூட்டம். அவர்களுக்குப் பெயர் வந்த கதையை 8ஆம் நூற்றாண்டில் அந்த இனத்திலேயே பிறந்த பால் தி டீக்கன் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர்கள் பெயர் வின்னிலி. வாண்டல்கள் என்ற இன்னொரு கூட்டத்தோடு சண்டை. சூரியன் உதிக்கும்போது யாரை முதலில் பார்க்கிறேனோ அவர்களுக்கே வெற்றி என்று கோடன் தெய்வம் சொல்லிவிட, வின்னிலிக்காரர்கள் அவர் மனைவி ஃப்ரேயாவிடம் போய் நின்றார்கள். உங்கள் பெண்களும் கூந்தலை அவிழ்த்துத் தாடிபோல முகத்தில் படரவிட்டு, ஆண்களோடு கிழக்கே வந்து நிற்கட்டும் என்றாள் அவள். கோடன் விடிந்ததும் ஜன்னல் வழியே பார்த்து, “யார் இந்த நீளத்தாடிக்காரர்கள்?” என்று கேட்டார். நீளத்தாடி என்று பொருள்படும் லாங்கோபார்டுதான் பிறகு லொம்பார்டு ஆனது. பெயர் வைத்தீர்கள் அல்லவா, வெற்றியையும் கொடுங்கள் என்று ஃப்ரேயா பிடித்துக்கொண்டாள். பேர் வைத்தவர் சீர் செய்யாமல் போக முடியுமா? பால் இதை நகைப்புக்குரிய கட்டுக்கதை என்றுதான் சொல்கிறார், இருந்தும் எழுதாமல் விடவில்லை, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

568இல் ஆல்போயின் என்ற அரசன் தலைமையில் குடும்பம் குட்டியோடு இத்தாலிக்குள் இறங்கினார்கள். பாவியா நகரம் மட்டும் மூன்று வருடம் முற்றுகைக்குத் தாக்குப்பிடித்தது, அப்புறம் அதுவே தலைநகரம் ஆனது. 643இல் ரோதாரி அரசன் சட்டங்களை எல்லாம் எழுத வைத்தான். பழிக்குப் பழி வேண்டாம், காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். ஒருவன் பல்லை உடைத்தால், சிரிக்கும்போது தெரிகிற பல்லுக்கு 16 பொற்காசு, கடைவாய்ப்பல்லுக்கு 8. 774இல் பிராங்க் இன அரசன் சார்லமேன் வந்து பாவியாவைப் பிடித்ததோடு அந்த அரசு முடிந்தது. தெற்கே மட்டும், சலெர்னோ போன்ற இடங்களில், 1077 வரை லொம்பார்டு இளவரசர்கள் இருந்தார்கள். மக்கள் எங்கும் போகவில்லை, இத்தாலியர்களோடு கலந்துவிட்டார்கள். அவர்கள் மொழியும் போய்விட்டது, கன்னத்துக்கும் முதுகுக்கும் இத்தாலியில் இன்று சொல்கிற குவான்சா, ஸ்கியேனா மாதிரிச் சில சொற்கள்தான் மிச்சம்.

ஆனால் பெயர் கிளம்பி ஊர் ஊராகப் போனது. மத்திய காலத்தில் வட இத்தாலி வணிகர்கள் பிரான்ஸ், இங்கிலாந்து, இன்றைய பெல்ஜியம் என்று போய் அடகுக்கும் வட்டிக்கும் பணம் கொடுத்தார்கள். அவர்களில் பலர் ஆஸ்தி, கியேரி என்ற ஊர்க்காரர்கள், இன்றைய லொம்பார்டியில் அந்த ஊர்கள் இல்லவே இல்லை, பக்கத்து மாநிலமான பியெமோந்தேயில் இருக்கின்றன. கடன் வாங்கியவருக்கு அது எதற்கு? எல்லாரும் லொம்பார்டுகள்தான். திருச்சபை வட்டியைப் பாவம் என்றது, அரசர்களோ அவர்களிடமே கடன் வாங்கினார்கள், ஊர் அவர்களை ஏசிக்கொண்டே போய் நகையை வைத்தது. லண்டனில் லொம்பார்டு தெரு இப்படி வந்த பெயர், லாய்ட் என்பவரின் காப்பிக் கடை 1691இல் அந்தத் தெருவுக்குக் குடிபோய் அதிலிருந்துதான் பெரிய இன்சூரன்ஸ் சந்தையே வளர்ந்தது. ஜெர்மன் மத்திய வங்கி, பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு வங்கிகளுக்குக் கொடுத்த கடனின் வட்டியை, யூரோ வரும் வரை லொம்பார்டு விகிதம் என்றே சொன்னது. நம் நகைக்கடன்தான், நகைக்குப் பதில் பத்திரம்.

இதைப் படிக்கப் படிக்க எனக்கு எங்கள் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் அடகுக் கடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சேட்டுக் கடைதான். ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்கு அம்மாயியின் தோடு அங்கே போகும், பொங்கலுக்குள் திரும்பி வரும். ஒரு வருடம் கொலுசு ஒரு ஜோடி முழுகியே போனது, அம்மாயி இன்றும் சொல்லிச் சொல்லி ஆறவில்லை. மார்வாடியோ குஜராத்தியோ ஜைனரோ, நமக்கு எல்லாரும் சேட்டு. அந்தச் சொல்லும் நம் செட்டியும் ஒரே சமஸ்கிருத வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள், மரியாதைக்குரிய வணிகர் என்றுதான் பொருள், ஆனால் நாம் அதைச் சொல்லும் தொனியில் அந்த மரியாதை இருப்பதில்லை, அது எனக்கு உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம், கடைக்காரர் பிறந்து படித்ததெல்லாம் இங்கே, ராஜஸ்தானுக்கு இரண்டே தடவை போயிருக்கிறார். “நமக்கு ஊரு சேலந்தானுங்க” என்றார். முப்பது வருடமாக எங்கள் வீட்டு நகை அவர் பெட்டியில் போய் வருகிறது, அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் பெயரைக் கேட்டேன், சொன்னார், கொஞ்சம் ஆச்சரியப்பட்டுச் சிரிக்கவும் செய்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி, “உன்னை ரொம்ப விசாரிச்சாரு அம்மாயி” என்றேன்.

“யாரு கண்ணு அது?” என்றது அம்மாயி. சேட்டு என்று சொன்ன பிறகுதான் புரிந்தது.