ஹகொடாதே மலையில் இருட்டும் நேரம்

கொழும்பில் வாழ்பவர்களுக்கு நகரை மேலிருந்து பார்ப்பதென்றால் ஏதாவதொரு கட்டடத்தின் மேல்மாடியிலிருந்து பார்ப்பதுதான். ஊர் சமதரையாக இருப்பதால், 2022 செப்டெம்பரில் தாமரைக் கோபுரம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும்வரை, ஹோட்டல்களின் கூரைத்தளங்களும் தொடர்மாடிகளின் மொட்டைமாடிகளுமே எங்களுக்கு வாய்த்த உயரங்களாக இருந்தன. அந்தக் கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 350 மீற்றர். இரவுக்காட்சிக்காகவே பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் தேடிச் செல்கின்ற, ஜப்பானின் ஹொக்கைடோ தீவின் தென்கோடியில் உள்ள ஹகொடாதே மலையோ 334 மீற்றர்தான். அப்படியானால் அதன் சிறப்புக்கு உயரம் காரணமாக இருக்க முடியாது என்ற யோசனையுடனேயே, சென்ற ஜனவரியில் மனைவியும் நானும் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

தோக்கியோவிலிருந்து ஹொக்கைடோவுக்கு 2016 முதல் ஷின்கன்சென் என்ற அதிவேக ரயில் ஓடுகிறது. பயணம் சுமார் நான்கு மணித்தியாலம். வழியில் கடலுக்கு அடியால் செல்லும் 53.85 கிலோமீற்றர் நீளமான செய்கான் சுரங்கப்பாதையைக் கடக்கும்போது இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. குளிர்காலத்தில் மலையுச்சிக்குச் செல்லும் வாகன வீதியை மூடிவிடுகிறார்கள். ஆகவே கம்பிவட ஊர்திதான் வழி; ஏறிய மூன்று நிமிடத்தில் மேலே விட்டுவிடுகிறது. காற்று பலமாக வீசினால் அதையும் நிறுத்திவிடுவார்கள் என்பதால், போகிறவர்கள் ஒரு மாலையை மட்டும் நம்பிப் போகாமல், இரண்டு இரவாவது அந்த ஊரில் தங்குவது நல்லது.

மேலே நின்று பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. இந்த மலை ஒரு காலத்தில் தனித்தீவாக இருந்தது. பின்னர் மணல் படிந்து படிந்து பெருநிலத்துடன் ஒட்டிக்கொண்டது. நகரத்தின் பழைய பகுதி அந்த மணல் நிலத்தின்மேல்தான் இருக்கிறது. அதன் ஒடுங்கிய இடம் ஒரு கிலோமீற்றர் அளவே அகலமானது. ஒரு பக்கம் துறைமுகக் குடா, மறு பக்கம் சுகாரு நீரிணை. உடுக்கின் இடைபோல ஒடுங்கி, அப்பால் மீண்டும் விரிகின்ற அந்த நிலம் முழுவதும் ஒளிர, இரு புறமும் கடல் கறுத்துக் கிடக்கிறது. முன்னாலும் இருட்டுத்தான்: இரண்டாம் உலகப் போர் முடியும்வரை இந்த மலை இராணுவக் கோட்டையாக இருந்து, பொதுமக்கள் கால் வைக்க முடியாத இடமாக இருந்ததால், சரிவுகளில் வீடுகள் ஏறவில்லை, காடு தப்பிவிட்டது. விளக்குகளின் எண்ணிக்கையில் கொழும்பு ஒன்றும் குறைந்ததல்ல. விளக்கே இல்லாத இடம் இப்படி எல்லை வகுத்துக் கொடுப்பதுதான் எங்களிடம் இல்லை.

விளக்குகளுக்கு நடுவே சில அகன்ற வீதிகள் நேர்கோடுகளாகத் தெரிகின்றன. 1934 மார்ச்சில் பெருங்காற்றோடு பரவிய தீயில் நகரத்தின் பெரும் பகுதி எரிந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொரு தீ அப்படித் தாவிச் செல்லக்கூடாதென்று, மரங்கள் நாட்டிய அகன்ற வீதிகளை அதன்பின் அமைத்தார்கள். இதை அறிந்து பார்த்தபின் அந்தக் கோடுகளை வெறும் அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குளிர்காலம் இந்தக் காட்சிக்கு இரண்டு நன்மைகளைச் செய்கிறது. கோடையில் அங்கே கடல்மூடுபனி அடிக்கடி ஏறி நகரை மறைத்துவிடும். குளிர்காலத்தில், பனி பெய்து ஓய்ந்த மாலையில், தூசியும் ஈரப்பதமும் குறைந்த காற்றினூடே தூரத்து விளக்கும் கூர்மையாகத் தெரியும். கூரைகளிலும் வீதியோரங்களிலும் கிடக்கும் வெண்பனி அந்த வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பிவிடுவது மற்றது. மேலும் ஜனவரியில் அங்கே மாலை நாலரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. எங்கள் ஊரைப்போல் சட்டென்று இருட்டாமல், நீலம் மெல்ல மெல்ல ஆழ்ந்துகொண்டே போகிறது. அந்த அரை மணித்தியாலத்தில் மலைகளின் வடிவமும் விளக்குகளும் ஒன்றாகத் தெரிவதால், முழு இருட்டைவிட அதுவே எனக்குப் பிடித்தது. கணவாய் மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைக் கடலில் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் கோடையில் போகவேண்டும்.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நுவரெலியாக் குளிருக்கு வாங்கிய உடுப்புகள் அங்கே போதாது. திறந்த மேடையில் காற்று காதைத்தான் முதலில் பிடிக்கிறது. கமெராவின் பற்றரி குளிரில் விரைவில் இறங்கிவிடும் என்பதால் மேலதிகமான ஒன்றை உட்சட்டைப் பைக்குள் வைத்திருக்க வேண்டும். வெளியே குளிர்ந்த கமெராவைச் சூடான மண்டபத்துக்குள் அப்படியே கொண்டுபோனால் வில்லையில் ஈரம் படிந்துவிடும்; பைக்குள் மூடிய பின்பு போவது நல்லது.

கொழும்பில் நிலைமை நேர்மாறானது. வடகீழ்ப் பருவக்காற்றின் மாதங்களில், மழை குறைந்த இரவுகளில், எங்கள் வளிமண்டலம் மங்கலாவதுண்டு. ஆகவே தாமரைக் கோபுரத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, விடுமுறை நாளைப் பார்த்து அல்ல, மழை பெய்து வெளித்த மாலையைப் பார்த்துப் போங்கள் என்பதுதான். ஐந்தரை மணிக்கே மேலே ஏறிவிடுங்கள். சூரியன் மறைந்ததும் மேற்குப் பக்கத்துக் கூட்டம் கலைந்துவிடும்; துறைமுகமும், வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும், அவற்றுக்கு அப்பாலுள்ள கடலும் அதன் பிறகுதான் பார்க்கத் தகுந்தவையாகின்றன.